லைசென்ஸ் உண்டு, சாமான் இல்லை

கொல்லிமலையில் நாட்டுத் துப்பாக்கி என்றாலே கீழே இருப்பவர்களுக்குக் கள்ளத் துப்பாக்கி என்றுதான் நினைப்பு. நான் சொல்ல வருவது வேறு கதை. மனு கொடுத்து, போலீஸ் விசாரணை முடிந்து, தவறாமல் புதுப்பித்துக் கொண்டு, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு நிற்கிறார்களே, அந்த லைசென்ஸ்காரர்களின் கதை.

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவில், மறுக்க வேறு காரணம் இல்லாவிட்டால், பயிர்ப் பாதுகாப்புக்குக் குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. ஆகவே இது யாரும் போடும் பிச்சை அல்ல. சரி, கொடுத்தாயிற்று. அது ரிப்பேரானால் என்ன செய்வது?

அதன் பின்பக்கத்தில் சிறு துளையுள்ள நிப்பிள் ஒன்று திருகியிருக்கும். அதன் தலையில் கேப்பு. குதிரை விழுந்தால் கேப்பு வெடித்து, நெருப்பு துளை வழியே போய்க் கருமருந்தைப் பற்ற வைக்கும். அவ்வளவுதான் இயந்திரம். ஆனால் கருமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் கசடாகத்தான் மிஞ்சும். அந்தக் கசடு ஈரத்தை இழுக்கும். எங்கள் திருப்புலி நாட்டு மூடுபனியில் கேட்கவே வேண்டாம், ஒரு ராத்திரி துடைக்காமல் விட்டால் துரு. சுடச்சுட நிப்பிள் துளையும் அகன்றுகொண்டே போகும். ரொம்ப அகன்றால் நெருப்பு பின்பக்கம் அடித்துக் குதிரையைத் தூக்கும், கேப்புத் துண்டு முகத்துக்கு வரும். சுடுகிறவன் கண் போகும் விஷயம் இது. ஸ்பிரிங் ஒடிந்துவிட்டாலோ துப்பாக்கி வெறும் உலக்கை.

எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போனால் எவ்வளவு பழைய லாரிக்கும் சாமான் தேடிப் பிடித்துவிடலாம், இல்லாததைக் கடைந்தும் கொடுப்பார்கள். விரல் நுனி அளவு நிப்பிளுக்கு மட்டும் கையை விரிக்கிறார்கள். பழைய மாடல், அதனால் கிடைக்காது என்று ஒரு அதிகாரி என்னிடம் சொன்னார். இத்தாலியில் பிரெஸ்சியா பக்கம் கார்டோனே என்ற ஊர் இருக்கிறது. நம் சட்டம் வந்த அதே 1959-ல் உபெர்ட்டி என்ற கம்பெனி அங்கே தொடங்கி, 1851-ம் வருஷத்து கோல்ட் கருமருந்து ரிவால்வரை அச்சாக அப்படியே செய்து விற்கிறது. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காக அதைச் சுடுகிறவர்கள் நிப்பிள், ஸ்பிரிங், திருகாணி என்று ஒவ்வொன்றாகத் தபாலில் வரவழைக்கிறார்கள். பொழுதுபோக்குக்குக் கிடைப்பது பயிர்க் காவலுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாமே என்பீர்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் ரிப்பேர் பார்ப்பதும் 5-வது பிரிவுப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 7 வருஷம், கூடினால் ஆயுள். யார் கடைந்து கொடுப்பான்? இதில் வேடிக்கை 45-வது பிரிவு. சின்னச் சாமான்களை, எந்தத் துப்பாக்கியிலும் பொருத்தும் எண்ணம் இல்லாவிட்டால், தாராளமாக வைத்துக்கொள்ளலாமாம். பூட்டாத நிப்பிளுக்குச் சட்டம் குறுக்கே வராது!

சாமான் கொடுத்தால் வேட்டைக்காரன் கைக்குப் போய்விடும் என்ற பதிலையும் கேட்டிருக்கிறேன். லைசென்ஸ் இல்லாதவன் எந்தச் சட்டத்துக்குப் பயந்தான்? அவன் ராத்திரியோடு ராத்திரியாக வேலையை முடித்துக்கொள்கிறான். கதவைத் தட்டிக் கேட்பவனுக்குத்தான் கதவு சாத்தியிருக்கிறது.

காட்டுப்பன்றியைச் சுட லைசென்ஸ்காரருக்கும் அனுமதி கிடையாது, தெரியும். எங்களுக்கு வேண்டியது சத்தம். விளைந்த மரவள்ளிக் காட்டில் பன்றிக் கூட்டம் இறங்கினால் ஒரே ராத்திரியில் உழுது போட்டுவிடும். ஒரு வெடிச் சத்தம் கேட்டால் ஓடும். 2025 ஜனவரியில் சர்க்கார் ஒரு முடிவு சொன்னது: காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையே பன்றியைச் சுடும், ஒரு கிலோமீட்டருக்குள் தொடவே கூடாது. வரப்பிலேயே காடு நிற்கிற மலைக்கு இதனால் என்ன லாபம்?

துப்பாக்கி ஊமையானால் சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள், சிலர் வேலியில் கரண்ட் விடுகிறார்கள். அவுட்டுக்காய்க்குப் பன்றி எது, பசு எது என்று தெரியாது. தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் 2023 மார்ச்சில் இப்படிப்பட்ட கரண்ட் வேலியில் மூன்று யானைகள் செத்தது மறந்துவிட்டதா? அதோடு பார்த்தால், லைசென்ஸ் புத்தகத்தில் நம்பர் ஏறிய துப்பாக்கி எவ்வளவோ மேல்.

குடகர்களுக்கு லைசென்ஸே வேண்டாம் என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சலுகை, 2029 வரை நீட்டியும் கொடுத்திருக்கிறார்கள். அதெல்லாம் நாங்கள் கேட்கவில்லை. ரிப்பேர்காரருக்கு லைசென்ஸ் கொடுக்க அதே 5-வது பிரிவில் வழி இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒருவருக்குக் கொடுங்கள். பழைய நிப்பிளை வாங்கிக்கொண்டு புதியதை மாட்டி, புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஒரே அம்பில் யானை தொடங்கிப் பன்றி, உடும்பு வரை துளைத்தவன் என்று ஓரிக்கு ஆடியில் விழா எடுக்க எல்லா அதிகாரிகளும் செம்மேட்டுக்கு வருகிறார்கள். அந்த இரண்டு நாளும் அவருக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தால் போதும்.