ஒரே முறையில் எல்லாத்தையும் முடிக்கிற ஆளு

இன்னிக்கு சுகர், பிபி எதுவும் இல்லைங்க. ஒரு விளையாட்டுச் சண்டை பத்தி எழுதப் போறேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமை இருக்கிறவங்க படிங்க. கடைசியில கேஷுவாலிட்டி கதை ஒண்ணும் வரும்.

தீபாவளி லீவுக்கு அண்ணன் பையன் ராசிபுரம் வந்திருந்தான். இஞ்சினியரிங் படிக்கிறான். கூடவே ரெண்டு ஃப்ரெண்ட்ஸ், ஒரு பை நிறைய பகடை. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம்னு கலர் கலரா. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டம். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் கொண்டு வந்தது. ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். ஒருத்தர் மட்டும் கதையை நடத்துவார், அவர்தான் டன்ஜன் மாஸ்டர். மத்தவங்க எல்லாம் ஒரே கட்சி.

மொட்டை மாடியில பாய் விரிச்சு உக்காந்தோம். ஃப்ரெண்ட் ஒருத்தன் மாஸ்டர். இன்னொருத்தன் வில்லாளி. அண்ணன் பையன் பாலடின், அதாவது சாமி பேரைச் சொல்லி வாள் வீசுற வீரன். என் பொண்ணுக்குப் பதிமூணு வயசு, அவ மந்திரவாதி. எனக்குக் கொடுத்தது கிளெரிக். காயம்பட்டவங்களைக் காப்பாத்துற வேலை. அங்கேயும் டூட்டி டாக்டர்தான்.

ஒவ்வொருத்தர் முறையிலும் என்னென்ன செய்யலாம்னு கணக்கு உண்டு. ஒரு ஆக்‌ஷன், வசதி இருந்தா ஒரு போனஸ் ஆக்‌ஷன், கொஞ்ச தூரம் நடை. அடுத்த முறை வர்றதுக்குள்ள ஒரு ரியாக்‌ஷன். அவ்வளவுதான். ஆனா மல்ட்டிகிளாஸ்னு ஒண்ணு இருக்கு. ஒரே ஆளு ரெண்டு மூணு தொழில் கத்துக்கலாம். அங்கதான் விளையாட்டே மாறுது.

நம்ம பையன் அஞ்சு லெவல் பாலடின், ரெண்டு லெவல் ஃபைட்டர். 2014-ல் வந்த புத்தகத்துப்படி, அஞ்சாம் லெவல் பாலடின் ஒரு ஆக்‌ஷனில் ரெண்டு தடவை வெட்டலாம். ரெண்டாம் லெவல் ஃபைட்டருக்கு ‘ஆக்‌ஷன் சர்ஜ்’, அதாவது இன்னொரு முழு ஆக்‌ஷன். ஆக நாலு வெட்டு. பட்ட ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மந்திர ஸ்லாட்டைச் செலவழிச்சு ‘டிவைன் ஸ்மைட்’ சேர்க்கலாம். பெரிய ஸ்லாட் ரெண்டு, சின்னது ரெண்டுன்னு ஊத்தினா பத்து எட்டுமுகப் பகடை. சராசரி 45. நாலு வெட்டும் பட்டா வாளோட சொந்த அடி சராசரி 44. மொத்தம் 89.

எதிரே ரெண்டு ட்ரோல் நிக்குது. ஒண்ணோட உயிர்ப் புள்ளி 84.

புரியுதுங்களா? ஒரே முறையில ஒரு ராட்சசன் காலி. பையன் இதை மூணு வாரமா பேப்பர்ல போட்டுப் பாத்திருக்கான். அன்னைக்கு நாலு வெட்டும் பட்டுச்சு. ஒவ்வொரு பகடையா உருட்டி, கூட்டி, எந்த ஸ்லாட்டுன்னு யோசிச்சு, ஃபோன்ல கணக்குப் பாத்து முடிக்கப் பதினோரு நிமிஷம். நான் வாட்ச் பாத்தேன், பழக்க தோஷம்.

ட்ரோல் சாஞ்சது. மாடியே கைதட்டல். அடுத்த முறை என் பொண்ணுக்கு.

“பாப்பா, உன் டர்ன்.”

“நான் ஒண்ணும் பண்ணல. அதான் அண்ணா முடிச்சுட்டாங்களே.”

நாலாவது நிமிஷத்துலயே அவ கையில ஃபோன் வந்துடுச்சு. அதை நான் பாத்தேன். ஒண்ணும் சொல்லல.

ட்ரோலுக்கு ஒரு குணம் உண்டு. அதோட முறை வரும்போது 10 புள்ளி தானா திரும்ப ஏறும். நெருப்போ அமிலமோ பட்டிருந்தா மட்டும் அந்தத் தடவை ஏறாது. சைபர்ல கிடக்கும்போது ஏறாம போனாத்தான் நிஜமாவே சாகும். 89 அடியில நெருப்பு ஒரு பொட்டு கிடையாது. எங்க நாலு பேர்ல நெருப்பு மந்திரம் வச்சிருந்தது பாப்பா மட்டும்தான். செலவே இல்லாத சின்ன மந்திரம், எத்தனை தடவை வேணும்னாலும் விடலாம். அவ முறையோ, சரியா ட்ரோல் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி.

எழுந்துச்சு. பக்கத்துல இன்னொண்ணு முழுசா நிக்குது. பையன்கிட்ட பெரிய ஸ்லாட்டும் இல்லை, சர்ஜும் இல்லை. ரெண்டு சுத்துல அவன் கதாபாத்திரம் கீழ. நான் இருக்கிற மந்திரம் எல்லாம் செலவழிச்சுத் தூக்கி விட்டேன். கடைசியில ரெண்டையும் முடிச்சது பாப்பாவோட நெருப்புதான்.

ஆட்டம் முடிஞ்சதும் பசங்களுக்குள்ள சண்டை. வில்லாளி சொன்னான், “மல்ட்டிகிளாஸையே தடை பண்ணணும், ஒருத்தன் சினிமா காட்டுறதுக்கா நாங்க மூணு பேர் உக்காந்திருக்கோம்?” நம்ம பையன், “ரூல் புக்ல இருக்கு, நான் ஒண்ணும் ஏமாத்தல.” அப்புறம் ரெண்டு பேரும் என்னைப் பாக்குறாங்க. “சித்தப்பா, நீங்களே சொல்லுங்க.”

அப்ப மழுப்பிட்டேன். இப்ப சொல்றேன்.

முதல்ல, இந்தச் சண்டை புதுசு இல்லை. ஒருத்தரே பல தொழில் கத்துக்கறது 1978 புத்தகத்துலயே இருக்கு. ஆனா எல்ஃப், ட்வார்ஃப் மாதிரி இனங்களுக்கு ஒரு முறை, மனுசனுக்கு வேற முறைன்னு ஏகப்பட்ட கட்டுப்பாடு. 2000-ல் வந்த மூணாம் பதிப்புதான் கதவை விரியத் திறந்துச்சு. 2024 செப்டம்பர்ல வந்த புதுப் புத்தகத்துல திரும்பவும் கொஞ்சம் சாத்தினாங்க. ஸ்மைட் இப்ப போனஸ் ஆக்‌ஷன்ல போடுற மந்திரம், அதனால ஒரு முறைக்கு ஒண்ணுதான். ஆக்‌ஷன் சர்ஜ்ல கிடைக்கிற ஆக்‌ஷன்ல மந்திரம் போட முடியாது. ஆக, பையனோட 89 புதுப் புத்தகத்துல நடக்காது. எனக்கு இந்த மாத்தம் பாதிதான் சரின்னு படுது. ஏன்னு சொல்றேன்.

நம்ம ஊர்ல இதே பிரச்சனை திண்ணையிலயே இருக்குங்க. தாயம் ஆடியிருக்கீங்கல்ல? ரெண்டு பித்தளைக் கட்டை, ஒவ்வொண்ணுலயும் 0, 1, 2, 3. தாயம், அஞ்சு, ஆறு, பன்னெண்டு விழுந்தா மறுபடி உருட்டலாம். விழுந்ததை எல்லாம் சேத்து வச்சு, இந்தக் காய்க்கு அஞ்சு, அந்தக் காய்க்குப் பன்னெண்டுன்னு பிரிச்சு வைக்கலாம். வெட்டினா இன்னொரு ஆட்டம். ஒரே முறையில ஒருத்தர் கட்டத்தையே புரட்டிப் போடுறது தாயத்துல சகஜம்.

கணக்கும் சொல்லிடறேன். ரெண்டு கட்டைக்கும் சேத்து 16 விதமா விழலாம். தாயம் ரெண்டு விதம், அஞ்சு ரெண்டு விதம், ஆறு ஒண்ணு, பன்னெண்டு ஒண்ணு. 16-ல் 6. அதாவது எட்டுல மூணு தடவை மறு உருட்டு உண்டு. வெட்டைக் கணக்குல சேக்காம பாத்தா ஒரு முறைக்குச் சராசரி 1.6 உருட்டு. தொடர்ந்து மூணு மறு உருட்டு கிடைக்க 512-ல் 27, கிட்டத்தட்ட பத்தொன்பதுல ஒண்ணு. சாயங்காலம் முழுக்க ஆடினா ஒரு தடவையாவது யாருக்காவது அடிக்கும்.

ஆனா தாயத்துல யாரும் கோவிச்சுக்கிட்டு எழுந்து போனதா எனக்கு ஞாபகம் இல்லை. (காய் வெட்டினதுக்குப் பேசாம இருந்தவங்க உண்டு, அது வேற.) காரணம் என்னன்னா, எங்க அம்மாயி வீட்டுத் திண்ணையில, ஒருத்தர் உருட்டும்போது விழுந்ததைச் சத்தமா எண்றது மத்தவங்க வேலை. “பன்னெண்டு, ஆறு, ஒரு ரெண்டு!” உருட்டினவர் ஏமாத்துறாரான்னு பாக்கணும். தன் காய் மலையில இருக்கா, வெளிய மாட்டுமான்னு பாக்கணும். கூட்டாளி இருந்தா “அதை நகத்தாத, இதை வை”ன்னு கத்தணும். நீளமான முறைதான், ஆனா யாரும் சும்மா இருந்ததில்லை.

அதனால பிரச்சனை 89 இல்லைங்க. பதினோரு நிமிஷம் மூணு பேர் அந்தக் கட்டத்துலயே இல்லாம போனதுதான்.

இப்ப கேஷுவாலிட்டி கதை. ரொம்ப வருசம் முன்னாடி, நான் சின்ன டாக்டர். எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம். ராத்திரி மூச்சுத் திணறலோட ஒரு பெரியவர். நானே டியூப் போட்டேன், நானே லைன் தேடினேன், நானே மருந்து சொன்னேன், நானே நெஞ்சுல ஸ்டெத் வச்சேன். கை வேகம்னு எனக்கு ஒரு பேர் இருந்துச்சு, அதுல ஒரு மிதப்பு. எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். ஆனாலும் ஆக்ஸிஜன் அளவு ஏறல. இன்னொரு மருந்து கேட்டேன். அப்புறம்தான் கண்ணு சிலிண்டர் பக்கம் போச்சு. முள் சிவப்புல கிடக்கு. காலி.

மாத்தினோம், பெரியவர் பிழைச்சார். பக்கத்துலயே நின்ன சிஸ்டர்கிட்ட கேட்டேன். “நான் பாத்தேன் சார். நீங்க எல்லாத்தையும் பாக்குறீங்க, இதையும் பாத்திருப்பீங்கன்னு நெனைச்சேன்.”

அவங்க மேல தப்பு சொல்ல எனக்கு வாய் வரல. அன்னைக்கு நான் யாரையும் பேச விடல. பாப்பா சொன்னதும் அதேதானே? “அதான் அண்ணா முடிச்சுட்டாங்களே.”

உயிர் மீட்புப் பயிற்சி இப்ப அப்படி நடத்துறதில்லை. தலைமை தாங்குற டாக்டர் முடிஞ்சவரை கையைக் கட்டிக்கிட்டுத் தள்ளி நிக்கணும். ஒருத்தர் மூச்சுக்கு, ஒருத்தர் நெஞ்சழுத்தத்துக்கு, ஒருத்தர் மருந்துக்கு, ஒருத்தர் நேரம் குறிக்க. அழுத்துறவர் எவ்வளவு பலசாலியா இருந்தாலும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 அழுத்தம், அசந்துபோனா ஆழம் குறைஞ்சிடும், அது அழுத்துறவருக்கே தெரியாது. மருந்து கேட்டா, கேட்டதைத் திருப்பிச் சொல்லிட்டுத்தான் போடணும். திண்ணையில “பன்னெண்டு, ஆறு, ஒரு ரெண்டு”ன்னு கத்தின மாதிரியேதான்.

கூட்டுறதே தப்புன்னு சொல்ல வரல. மாத்திரையிலயும் இதே வாதம் உண்டு. 2016 மார்ச்ல மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடை பண்ணுச்சு. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய் இழுத்து, 2018 செப்டம்பர்ல 328-க்குத் தடை. 2024 ஆகஸ்ட்ல இன்னொரு 156. அதே சமயம் காசநோய்க்கு நாலு மருந்தை ஒரே மாத்திரையில கொடுக்கிறோம், ரொம்ப நல்ல விஷயம். அங்க ஒவ்வொரு மருந்துக்கும் தனி வேலை, கிருமி ஒண்ணுகிட்டத் தப்பிச்சா இன்னொண்ணு புடிக்கும். ரெண்டு வலி மருந்தை ஒரே மாத்திரைக்குள்ள அடைச்சா வலி ரெண்டு மடங்கு குறையாது, வயித்துப் புண்ணுதான் சீக்கிரம் வரும். பையனோட பாலடின்-ஃபைட்டர் ரெண்டாவது வகை. அடிமேல அடி, எல்லாம் ஒரே குணம். ட்ரோலுக்கு அது போதாது. அவன் ஒரு லெவல் எதையாவது விட்டுட்டு, மூணு வாரத்துல ஒரு நாள் “பாப்பா, உன்கிட்ட என்ன மந்திரம் இருக்கு?”ன்னு கேட்டிருந்தா 89-ஐ விடப் பெரிய கூட்டு அமைஞ்சிருக்கும்.

அதனால தடை வேண்டாம். வில்லாளித் தம்பி, உன் கோவம் நியாயம், ஆனா தடை போட்டா பையன் மூணு வாரம் சந்தோஷமா உக்காந்து கணக்குப் போட்டதும் போயிடும். லீவு நாள்ல ஒரு காலேஜ் பையன் பேப்பர்ல பெருக்கல் போடுறான்னா அதைக் கெடுக்கற மனசு எனக்கு இல்லை. புது ரூல் 89-ஐக் குறைக்கும். பதினோரு நிமிஷத்தை அது தொடாது. பாதிதான் சரின்னு சொன்னது அதனாலதான்.

எங்க வீட்டு மாடிக்கு நான் வச்ச சட்டம் இது. ஒரு முறைக்கு ரெண்டு நிமிஷம், அதுக்கு மேல யோசிக்கிறதை முறை வர்றதுக்கு முன்னாடியே முடிச்சு வச்சுக்கணும். பெரிய கூட்டு போடுறவன் பகடையைத் தானே உருட்டக் கூடாது, ஆளுக்கு ரெண்டா மத்தவங்க கையில கொடுக்கணும், அவங்க உருட்டிச் சத்தமாச் சொல்லணும். “அவர் முடிச்சுட்டார்”னு யாரும் முறையை விடக் கூடாது. ஒண்ணும் செய்ய இல்லைன்னா கட்டத்துல என்ன தெரியுதுன்னாவது ஒரு வரி சொல்லணும். முதல் ரெண்டுக்கும் பையன் ஒத்துக்கிட்டான். மூணாவதுக்கு முனகினது பாப்பாதான், “அப்பா, இது கிளாஸ்ல வைவா மாதிரி இருக்கு”ன்னு. பொங்கலுக்கு ஆடிப் பாத்துட்டுச் சொல்றேன்.

புத்தகம் விலை அதிகமாச்சேன்னு கேப்பீங்க. வாங்க வேண்டியதில்லை. 2014 பதிப்போட அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியிலயே யார் வேணும்னாலும் இலவசமா எடுத்துப் பயன்படுத்தலாம்னு விட்டுட்டாங்க. இருபது முகப் பகடைக்கு ஃபோன்லயே செயலி இருக்கு. ஆனா பாப்பா கையில அந்த ஃபோனைக் கொடுக்காதீங்க.