லயம் சிற்றூர் ஆகுமா?

தோட்டத்து வாழ்வின் அமைதியைப் புகழாத தமிழ் மேடை பேராக் மாநிலத்தில் இல்லை எனலாம். ஈப்போ நகரில் அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவரும், வாகன இரைச்சலுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு, "அந்த அமைதி இனி வருமா?" என்று பெருமூச்சு விடுகின்றார். விடியற்காலைப் பனி, இலையுதிர்ந்து நிற்கும் பால்மரங்கள், நண்பகல் வெயிலில் விதை வெடிக்கும் ஓசை, மாரியம்மன் கோயில் மணி ஆகியவை சேர்ந்துவிட்டால் ஒரு கட்டுரை ஆயிற்று. பள்ளி மாணவரும் "எங்கள் தோட்டம்" என்னும் தலைப்பில் இதனையே எழுதுகின்றனர். பெரட்டுக் களத்தைக் கண்ணாலும் காணாத பிள்ளைகள் அதனை வருணித்து முதற்பரிசும் பெறுகின்றனர் என்பது தனி வேடிக்கை.

இந்த ஏக்கத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. பிறந்து வளர்ந்த மண்ணை நினைத்து உருகுவது மனித இயல்பு. ஆயினும், அந்த உருக்கத்தில் ஒரு சொற்பிழை ஒளிந்திருக்கின்றது. தோட்டத்தைக் கிராமம் என்று எழுதும் பிழையே அது. சொற்பிழை பொருட்பிழையாகிப் பொருட்பிழை வரலாற்றுப் பிழையாகி நிற்பதனால், அதனைத் திருத்தும் பொறுப்பு தமிழாசிரியரையே முதலிற் சாரும்.

அமைதியான சிற்றூர் என்றதும் பலர் மனத்தில் எழும் படம் எது? ஆங்கிலக் கதைப் புத்தகங்களின் வழியே வந்த படம் அது: கடலோரத்தில் ஓர் ஊர், கல்லால் கட்டிய சிறு வீடுகள், வாசலில் ரோசாப் பூக்கள், தொலைவில் தேவாலயக் கோபுரம். தோட்டத்துத் துரைமார் கண்ட கனவும் அதுவே. குடியேற்ற நாடுகளில் பணிமுடித்துத் திரும்பியவர்கள் ஓய்வுக்கு நாடிய இடங்கள் என ஈஸ்ட்போர்ன், பெக்ஸ்ஹில் போன்ற இங்கிலாந்துத் தென்கடற்கரை ஊர்கள் பெயர் பெற்றிருந்தன. தோட்டத்தில் உழைத்த இருவருள் துரைக்கு முதுமையில் செல்ல ஓர் ஊர் இருந்தது. பால் வெட்டியவருக்கு எந்த ஊர் இருந்தது?

ஆங்கிலச் சிற்றூரும் விண்ணுலகம் அன்று. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்களைக் கொண்டே பொது நிலங்கள் வேலியிடப்பட்டு, ஏழைக் குடியானவர் மேய்ச்சல் உரிமையை இழந்தனர். இன்றும் அங்கே சிக்கல் தீர்ந்தபாடில்லை. கார்ன்வால் கடற்கரையில் உள்ள செயிண்ட் ஐவ்ஸ் ஊரில், நகரத்துச் செல்வர் விடுமுறைக்கென்று வீடுகளை வாங்கிக் குவித்ததால் மண்ணின் மைந்தர்க்கு வீடு எட்டாக்கனி ஆயிற்று. புதிதாகக் கட்டும் வீடுகளை அத்தகைய இரண்டாம் வீடுகளாக விற்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டில் ஊரார் வாக்களித்தே தீர்மானிக்க வேண்டி வந்தது.

ஆனால் அவர்களுக்கு வாக்களிக்க ஓர் ஊர் இருந்தது. வேறுபாடு அங்கேதான் தொடங்குகின்றது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கிலாந்தின் சிற்றூர்ப் பொதுநடைபாதைகள் வரைபடத்தில் பதிவு செய்யப்பட்டன. பிரபுவின் வயலுக்கு நடுவே சென்றாலும் அப்பாதை மக்களுடையது. தோட்டத்துச் செம்மண் சாலையோ கம்பெனியின் சொத்து. உறவினர் வந்து தங்குவதும் தொழிற்சங்கத்தார் உள்ளே நுழைவதும் துரையின் மனநிலையைப் பொறுத்தவையாக இருந்த காலம் நெடியது.

இன்னும் ஒரு சட்டம் உண்டு. அதனைத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். இங்கிலாந்திலும் பண்ணைத் தொழிலாளர் முதலாளியின் வீட்டிலேதான் குடியிருந்தனர். வேலை போனால் வீடும் போயிற்று. நம் லயத்துக்கு உடன்பிறந்த முறை அது! அதனை எதிர்த்து அந்நாட்டு விவசாயத் தொழிலாளர் சங்கம் நெடுங்காலம் போராடியதன் பயனாக, 1976-ஆம் ஆண்டில் விவசாய வாடகைச் சட்டம் நிறைவேறியது. தகுதி பெற்ற தொழிலாளி வேலையினின்று நீங்கினாலும் வீட்டினின்று நீங்க வேண்டியதில்லை என்றும், அவர் மறைந்தால் மனைவி அங்கேயே வாழலாம் என்றும் ஆயிற்று.

அதே 1976-ஆம் ஆண்டில், மலேசியத் தோட்டங்கள் பலவற்றின் தலைமை அலுவலகம் இலண்டனிலேயே இருந்தது. கத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு வந்தது 1981-இல். ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்டு நிறுவனத்தின் தோட்டங்கள் வந்தது 1982-இல். தம் நாட்டுப் பண்ணையாளுக்கு வீட்டுரிமை வழங்கிய நகரத்திலேயே கூடிய இயக்குநர் அவைகள், கடல் கடந்த பண்ணையாளின் வீட்டைப் பற்றி எண்ணிப் பார்த்தனவா? இலண்டனைச் சாடுவதோடு நின்றுவிடுவது எளிது. உடைமை மாறிய பின்னரும் முறை மாறவில்லையே! நம் நாட்டில் 1966-இலும் 1990-இலும் வந்த வீட்டு வசதிச் சட்டங்கள் வீடு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்று வரையறுத்தன. அது யாருடையது என்னும் வினாவை அவை தொடவில்லை. ஐம்பத்தைந்து வயதில் வாளியையும் உளியையும் ஒப்படைத்த முதியவர், சாவியையும் ஒப்படைக்க வேண்டியவராகவே இருந்தார்.

இனி அந்தப் புகழ்பெற்ற அமைதிக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டு சூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. தோட்ட மக்களும் முள்வேலிக்குள் ஒருங்கு குடியமர்த்தப்பட்டனர். அரிசிக்கு அளவு, நடமாட்டத்துக்கு நேரம்! அந்த இரவுகளின் அமைதி ஊரடங்கின் அமைதி. அதற்கு முன்னரோ, சப்பானியர் ஆட்சியில் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு ஆடவர் கொண்டுசெல்லப்பட்ட பின் லயங்களில் நிலவியது ஆளில்லா வீட்டின் அமைதி. 1950-களில் தோட்டத் துண்டாடல் வந்தது. 1969-இல் வேலை அனுமதி விதி வந்தது. குடியுரிமை இல்லாத காரணத்தால் பல்லாயிரவர் பெட்டியுடன் கப்பலேறினர். கட்டுரைப் போட்டிகளில் மணக்கும் பனிக்காலை, இவற்றுள் எந்த ஆண்டின் காலை?

"ஒற்றுமை இருந்ததே, தீமிதி இருந்ததே, ஒரு வீட்டுத் துயரம் லயம் முழுவதற்கும் துயரமாயிற்றே!" என்று கேட்பர். உண்மைதான். அவற்றைப் படைத்தவர் மக்கள். அவற்றின் பெருமையைக் கம்பெனி நிலத்துக்குச் சூட்டுவானேன்? அந்த ஒற்றுமைக்கு நிலம் வேண்டும் என்று உணர்ந்தவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். துண்டாடலுக்கு எதிராக 1960-இல் அவர் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தொழிலாளர் மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தித் தோட்டங்களை வாங்கினர். நாட்கூலியில் மிச்சம் பிடித்த பத்து வெள்ளி! தோட்டத்தைப் பற்றிய கட்டுரைகளில் பனித்துளிக்குக் கிடைக்கும் இடத்தில் பாதியேனும் இந்தப் பத்து வெள்ளிக்குக் கிடைக்கின்றதா?

பத்து காஜாவில் வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926-இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாது நின்ற மாளிகையைக் காண இன்று நுழைவுச்சீட்டு வாங்குகின்றனர். அதன் அருகே தொழிலாளருக்கென எழுந்த மாரியம்மன் கோயில் உண்டு. பள்ளிச் சுற்றுலாவில் மாணவர் இரண்டையும் காண்பர். அவர்கள் காண இயலாத மூன்றாவது ஒன்று உண்டு: பால் வெட்டியவரின் வீடு. மாநிலமெங்கும் எத்தனையோ லயங்கள் இடிந்து, செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் அவ்விடத்தில் எழுந்துவிட்டன. எஞ்சிய குடியிருப்புகள் பலவற்றில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் வேலை உள்ளவரை வீடு என்னும் அதே ஏற்பாட்டில் வாழ்கின்றனர். அவர்களுடைய பேரரும் ஒருநாள் அமைதியைப் பற்றி எழுதக்கூடும்.

எனவே, "எங்கள் தோட்டம்" என்னும் தலைப்பைத் தமிழாசிரியர் சில ஆண்டுகள் ஒதுக்கி வைக்கலாம். அதற்கு மாற்றாக, மாணவர் தத்தம் பாட்டியிடம் சென்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, விடையை அவர் சொன்னபடியே எழுதிவரச் செய்யலாம்: "வேலை முடிந்த நாளில், பாட்டி, எந்த வீட்டுக்குப் போனீர்கள்?"