கிணற்று மேட்டுத் தோப்பை விட்டுவையுங்கள்

ஐப்பசி மழை தொடங்கும் நாட்களில், கிணற்று மேட்டு மாமர நிழலிலோ வாய்க்கால் ஓர மூங்கில் புதரிலோ, வெள்ளை நாடாவைப் பின்னால் தொங்கவிட்டது போல ஒரு குருவி பறப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். தலையும் கொண்டையும் கறுப்பு, உடல் வெள்ளை. வாலில் இரண்டு இறகுகள் மட்டும் முக்கால் அடிக்கு மேல் நீண்டிருக்கும். இதுவே வேதிவால் குருவி. அரசவால் ஈப்பிடிப்பான் என்றும் சொல்வார்கள். நீண்ட வால் ஆணுக்கு மட்டுமே. பெண் குருவி செம்பழுப்பு நிறம்; வாலும் குட்டை.

குருவியின் அழகுக்கு வேளாண் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். இந்தக் குருவியின் உணவு பூச்சி. நெல்லையோ சோளத்தையோ இது தொடாது. நிழலான கிளையில் காத்திருந்து, பறக்கும் ஈ, அந்துப்பூச்சி, வண்டு இவற்றைப் பாய்ந்து பிடிக்கும். வடக்கே இமயமலைப் பக்கம் கோடையில் குஞ்சு பொரிப்பவற்றில் பல, புரட்டாசி ஐப்பசியில் தெற்கே வந்து பங்குனி வரை தங்குகின்றன. நம் சம்பாப் பயிர் நிற்கும் காலமும் அதுதான். தெற்கிலேயே தங்கிக் கூடு கட்டுபவையும் உண்டு. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து, குஞ்சுகளுக்குப் பூச்சி ஊட்டி வளர்க்கும்.

இதற்கு உறவான கரிச்சானை, அதாவது இரட்டைவால் குருவியை, எல்லா விவசாயிகளும் அறிவர். அது திறந்த வயலில் வேலை செய்கிறது. வேதிவால் குருவி தோப்பு நிழலில் வேலை செய்கிறது. காக்கையையும் பருந்தையும் விரட்டும் கரிச்சான் கூடு கட்டிய இடத்துக்கு அருகிலேயே சில வேளை வேதிவால் குருவியும் கூடு கட்டும்.

இப்போது பொக்லைன் இயந்திரம் வந்தால் ஒரு மணி நேரத்தில் புதர், மூங்கில், பழைய மரம் எல்லாம் போய்விடும். இரண்டு சென்ட் நிலம் கூடுதலாகக் கிடைக்கும். அந்த இரண்டு சென்ட் விளைச்சலுக்காகக் கூலி கேட்காத வேலையாளை விரட்டுவது லாபமா?

நிழல் விழுந்தால் பயிர் சோடை போகும் என்பது உண்மையே. அதற்காக எல்லா மரங்களையும் வெட்ட வேண்டியதில்லை. நம் நாட்டில் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், வடக்கு ஓரத்து மரம் நம் பயிருக்கு அதிகம் நிழல் தராது. அந்தப் பக்கம் வாய்க்காலோ வண்டிப் பாதையோ இருந்தால் அண்டை வயல்காரருக்கும் தொல்லை இல்லை. கிணற்று மேட்டில் எப்படியும் பயிர் இல்லை.

குருவிகள் மட்டுமே பூச்சியை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அவை நன்மை செய்யும் பூச்சிகளையும் தின்னும். ஆனால் நஞ்சு தெளித்த பூச்சியைத் தின்னும் பறவையும் மடியும். 1995-96இல் அர்ஜென்டினாவில் மோனோகுரோட்டோபாஸ் தெளித்த வயல்களில் வெட்டுக்கிளி தின்ற பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. பறவை செத்த பின் மீண்டும் பூச்சி பெருகினால், மறுபடியும் மருந்துக்கடைக்குத்தான் கடன் சொல்ல வேண்டும்.

எனவே விவசாயிகள் மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது, கிணற்று மேட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் உள்ள மரம், புதரை விட்டுவையுங்கள். இரண்டாவது, பூச்சியைக் கண்டவுடன் தெளிக்காமல், சேதத்தைக் கணக்கிட்டு, தேவையானால் மட்டும் தெளியுங்கள். மூன்றாவது, கரிச்சான் உட்கார, குறுக்குக் கட்டை வைத்த குச்சிகளை ஏக்கருக்கு 20 வீதம் நடுங்கள். கதிர் முற்றும்போது அவற்றைப் பிடுங்கிவிடுங்கள், இல்லையேல் தானியம் தின்னும் பறவைகள் வந்து உட்காரும்.

பிள்ளைகள் கையில் உள்ள கவண்கல்லையும் வாங்கி வையுங்கள். வருகிற ஐப்பசியில் அந்த வெள்ளை வால் உங்கள் தோப்பில் தென்பட்டால், இடம் இன்னும் நல்லபடியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.