நோட்டீஸ் வேண்டாம், எம்பி3 போதும்

செம்பரம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் தகர ஷீட் போட்ட லைன் வீடுகள் இருக்கின்றன. குடியிருப்பவர்கள் எல்லோருமே வேலைக்காக வந்த வெளிமாநிலக் குடும்பங்கள். அதில் ஒடிசாவின் பலாங்கிர் பக்கத்திலிருந்து வந்த ஒரு கர்ப்பிணிப் பெண், அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். என் மனைவி விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. மலம் கறுப்பாகப் போயிருக்கிறது, பயந்துவிட்டார். இந்த மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும். ஆனால் அதைச் சொல்லும் நோட்டீஸ் தமிழில் இருந்தது. நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒன்று, குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. ரத்தம் மிகவும் குறைந்தால் பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து.

கம்ப்யூட்டர் வைத்திருக்கிறோமே என்று நான் உடனே களத்தில் இறங்கினேன். கூகுள் டிரான்ஸ்லேட்டில் 2020 முதல் ஒடியா உண்டு. நோட்டீஸை டைப் செய்து, மொழிமாற்றி, பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அவருக்கு ஒடியாவும் படிக்கத் தெரியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. வீட்டில் பேசுவது சம்பல்புரி. நாமோ எல்லோரையும் 'ஹிந்திக்காரர்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்!

என் கருத்து இதுதான். படிக்கத் தெரியாதவருக்கு எந்த மொழியில் பிரின்ட் எடுத்தாலும் வீண். ஆப் என்றாலும் அதிலும் எழுத்துதான். குரல்தான் வழி. மத்திய அரசு 2016 ஜனவரியில் தொடங்கிய 'கில்காரி' திட்டம் இதைப் புரிந்துகொண்டு செய்தது. கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை, வாரம் ஒன்றாக 72 ஆடியோ செய்திகள் போனிலேயே வரும். நல்ல யோசனை. ஆனால் நான் பார்த்த வீட்டில் இருப்பது ஒரே போன். அது கணவருடன் ஷிஃப்டுக்குப் போய்விடுகிறது.

ஆகவே வேறு மாதிரி செய்தோம். கிராம சுகாதார செவிலியர் விஷயத்தைத் தமிழில் சொன்னார். அதே லைனில் இருக்கும், ஓரளவு தமிழ் தெரிந்த பலாங்கிர் அம்மா ஒருவர் அதைத் தன் பேச்சில் சொல்ல, ஆடாசிட்டியில் பதிவு செய்தேன். மோனோ, 32 கேபிபிஎஸ் போதும், இரண்டு நிமிடம் 500 கேபிகூட வராது. மெமரி கார்டில் ஏற்றி, எம்பி3 பாடும் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்துவிட்டோம். அது வீட்டிலேயே இருக்கும். டீ, பாலுடன் மாத்திரை போடாதே, கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் சாப்பிடாதே, கறுப்பாகப் போனால் பயப்படாதே, ரத்தம் பட்டால் உடனே 108. இவ்வளவுதான் விஷயம். முதல் பதிவில் மாத்திரையின் பெயரைச் சொல்லியிருந்தோம், யாருக்கும் புரியவில்லை. 'சிவப்பு மாத்திரை' என்று மாற்றியதும் புரிந்தது.

ஒரு எச்சரிக்கை. இன்டர்நெட்டில் பார்த்ததை நீங்களாகப் பதிவு செய்து கொடுத்துவிடாதீர்கள். செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவைக் கேட்ட பெண்ணையே திருப்பிச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். தப்பு அங்கேதான் மாட்டும்.

போன மாதம் அதே லைனுக்கு பீகார் குடும்பம் ஒன்று வந்திருக்கிறது. அவர்கள் பேசுவது மைதிலி. தமிழும் மைதிலியும் தெரிந்த குரல் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.