மூலிகைதானே என்று எண்ணலாமா?

 

கோவை கோட்டைமேட்டில் வாழ்ந்த என் பெரியத்தா, இரத்தக் கொதிப்புக்கு நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு வந்தார். யாரோ ஒருவர் மூலிகைப் பொடி கொடுத்ததும், "இது மூலிகைதானே, என்ன கெடுதல் செய்துவிடும்?" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். மருத்துவரிடம் சொல்லவுமில்லை. மூன்றாம் மாதம், சுபுஹுத் தொழுகைக்கு ஒளூச் செய்கையில் வலக்கையைத் தூக்க இயலாமல் சாய்ந்தார். பக்கவாதம்! "பொடியில் என்ன இருந்தது?" என்று மருத்துவர் வினவினார். எங்கள் வீட்டில் எவருக்கும் விடை தெரியவில்லை.

மூலிகைக்கு ஆற்றல் இல்லை என்று நான் கூறவில்லை. ஆற்றல் உண்டு, ஆதலால்தான் எச்சரிக்கையும் வேண்டும்.

சர்ப்பகந்தா என்னும் செடியை எடுத்துக்கொள்வோம். யூனானி மருத்துவர்கள் இதனை 'அஸ்ரோல்' என்பர். யூனானி மருந்துகளை வேதியியல் முறைப்படி ஆராய வேண்டுமென விழைந்தவர் டில்லி ஹக்கீம் அஜ்மல் கான். 1927-இல் அவர் மறைந்தார். 1931-இல் அறிஞர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி, இச்செடியின் வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, ஹக்கீம் அவர்களின் நினைவாக 'அஜ்மலீன்' எனப் பெயரிட்டார். அது இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சீராக்கும் மருந்தாயிற்று.

இவ்வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், 1949-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஏடொன்றில் எழுதி உலகறியச் செய்தார். 1952-இல் சுவிட்சர்லாந்து அறிஞர்கள் இதிலிருந்து 'ரெசர்பின்' என்னும் மருந்தைப் பிரித்தனர். அளவு மிகுந்தால் அதுவே மனச்சோர்வையும் நாடித் தளர்ச்சியையும் உண்டாக்கும் என்பதும் தெரியவந்தது. குணம் தரும் வேரே கேடும் தரவல்லது!

தொண்டைக் கமறலுக்கு நாம் மெல்லும் அதிமதுரத்தை நீண்ட நாள் மிகுதியாக உண்டால், இரத்த அழுத்தம் உயர்ந்துவிடும். பூண்டு மாத்திரை அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்கலாம்; எனினும் இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போருக்கு இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடும்.

ஆகவே, பெயரறியாத பொடியை உண்ணாதீர்கள். பெயரறிந்த மூலிகையாயினும் மருத்துவரிடம் காட்டிய பின்னரே உட்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறைத்து, நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் அடங்கப் பாருங்கள்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இன்றே உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெயரில்லாப் பொட்டலம் இருந்தால், அதில் என்ன இருக்கிறதென்று கேளுங்கள். நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அது.