சுவரில் ஓர் ஆணி, அட்வான்ஸில் ஒரு மாத வாடகை

தமிழ்நாடு அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,



சென்னையில் வாடகை வீடெடுத்துத் தங்கிப் படிக்கும் வெளியூர் மாணவிகளில் நானும் ஒருத்தி. மே, ஜூன் வந்தால் தரமணி, வேளச்சேரி, கோட்டூர்புரம், தாம்பரம், பொத்தேரி என்று கல்லூரிகளைச் சுற்றியுள்ள தெருக்களில் மெத்தையும் பக்கெட்டும் புத்தக மூட்டையும் குட்டியானை வண்டிகளில் ஏறும். அந்த நாட்களில் வாசலுக்கு வாசல் ஒரே பேச்சுதான். வீட்டுக்காரர் அறையைச் சுற்றி வருவார், சுவரைத் தடவிப் பார்ப்பார், "பெயிண்ட் அடிக்கணும்மா, ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கிட்டு மீதியைத் தர்றேன்" என்பார். எதிர்த்துப் பேச முடியாது. அந்தப் பணத்தைத்தான் அடுத்த வீட்டுக்காரருக்கு அன்று மாலைக்குள் கட்ட வேண்டியிருக்கும்.

நானும் தோழிகளும் முன்பிருந்த வீட்டில் வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் ஒரு லட்சம். காலி செய்தபோது 18,000 ரூபாய் கழிந்தது. கூடத்துச் சுவரில் நாங்கள் எதையும் அடிக்கவில்லை, ஒட்டவும் இல்லை. குடிவந்த நாளிலேயே அங்கே மூன்று ஆணிகளும், ஜன்னலுக்குக் கீழே ஓதம் பூத்த கறையும் இருந்தன. அப்படி இருந்ததென்று சொல்ல எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. இல்லையென்று சொல்ல அவரிடமும் கிடையாது. பணம் அவர் கையில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வகுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நம் மாநிலத்தில் நடைமுறையில் இருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. புழக்கத்தால் இயல்பாக வரும் தேய்மானம் வாடகைதாரர் தலையில் விழாது. அதைவிட முக்கியமானது இரண்டாம் அட்டவணை. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளரின் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது, சுவிட்ச் பழுது பார்ப்பது, உடைந்த ஜன்னல் கண்ணாடியை மாற்றுவது எங்கள் பொறுப்பு. அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். வெள்ளையடிக்கும் செலவு மட்டும் எந்த வழியாக எங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்தது?

மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டால் இந்த வரம்பு பொருந்தாது. ஆறு மாதமும் பத்து மாதமும் இன்றும் நிற்பது அந்த வாசல் வழியாகத்தான். ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டுமென்று சொல்லும் நிலையில் எந்த மாணவரும் இல்லை. பேச்சிலர் என்றாலே கதவைச் சாத்தும் ஊரில் சாவி கிடைத்தால் போதும் என்று கையெழுத்துப் போடுகிறோம்.

இந்தப் பயம் அறைக்குள் என்ன செய்கிறது என்பதைத் தாங்கள் ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். இரண்டு வருடம் வாழ்ந்த அறையில் ஒரு படம்கூட இருக்காது. கால அட்டவணை கதவுக்குப் பின்னால் செல்லோடேப்பில் தொங்கும். பத்தொன்பது வயதில் வீட்டை விட்டு முதல்முறை வெளியே வந்த பெண், அம்மா அப்பா படத்தைச் சுவரில் மாட்டலாமா என்று வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, கிடைக்காமல் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறாள். ஓர் அறையைத் தன் அறை என்று நினைக்க முடியாதவருக்கு அங்கே உட்கார்ந்து படிக்கவும் மனம் வராது. இதைச் சின்ன விஷயம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம்.

சுவரைக் காப்பாற்றிக்கொண்டே அறையை அழகாக்க முடியும். அந்த வித்தையை ஒவ்வொரு செட்டும் அடுத்த செட்டுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போகிறது. முதல் வேலை, சுவரில் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்ப்பது. கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். அதில் எந்தப் பசையும் நிற்காது. நின்றாலும் பிரிக்கும்போது பூச்சு பட்டையாக உரிந்து வரும். இரண்டு பக்கமும் ஒட்டும் ஃபோம் டேப்பை அங்கே தொடவே கூடாது. பொடி வராமல் வழவழப்பாக இருந்தால் எமல்ஷன். மெதுவாக இழுத்தால் நீண்டு கழன்றுவரும் ஒட்டுப்பட்டைகளை அதில் பயன்படுத்தலாம். டைல்ஸ் சுவரென்றால் கவலையே இல்லை. ஸ்டிக்கர் கொக்கியின் பசை மிச்சமிருந்தாலும் தேங்காயெண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டால் துணியால் துடைத்துவிடலாம்.

மற்றபடி சுவரையே தொடாத வழிகள்தான் சிறந்தவை. என் பக்கத்து ஊர்க்காரப் பெண் ஒருத்தி பத்தமடைப் பாய் ஒன்றை ஜன்னல் கம்பியிலிருந்து நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். அறைக்கே அது ஒரு முகம் தந்துவிட்டது. திரைக்குப் பழைய சுங்குடிச் சேலை. அதை மாட்ட, இரண்டு சுவருக்கும் நடுவே இறுகி நிற்கும் ஸ்பிரிங் கம்பி. படங்களைச் சுவரில் தொங்கவிடாமல் செல்ஃபின் மேல் சாய்த்து வைக்கலாம். சீரியல் லைட் கொடியைப் பரண் விளிம்பில் படரவிடலாம். வீட்டுக்காரர் காலண்டர் மாட்டிய பழைய ஆணி இருந்தால் அதைவிட அதிர்ஷ்டம் வேறில்லை.

ஆனால் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் அதே ஒரு மாத வாடகைதான் பிடிக்கப்படுகிறது. ஆணி அடித்தவருக்கும் அடிக்காதவருக்கும் ஒரே கணக்கு என்றால் கவனமாக இருந்து என்ன பயன் என்று ஜூனியர் மாணவர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் அநியாயக்காரர்கள் என்று நான் எழுதவில்லை. மாடி வாடகையையே ஓய்வூதியமாக நம்பியிருக்கும் பெரியவர்கள் பலர். அவர்களின் கவலையிலும் நியாயம் உண்டு. பழைய சிமென்ட் பூச்சில் ஆணி அடித்தால் துளை மட்டும் விழாது, சுற்றிலும் ரூபாய் நாணயம் அளவுக்குப் பூச்சு பெயரும். பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, அதே நிறத்தை வாங்கி மேலே தடவினாலும் அந்த இடம் தனியாகத் தெரியும். வெயிலிலும் புகையிலும் மங்கிய பழைய வண்ணத்தோடு புதியது ஒத்துப்போகாது. சுவர் முழுவதும் அடித்தால்தான் சரியாகும். எனவே நாங்கள் பத்து ஆணி அடித்தால் அந்தச் சுவரின் செலவை எங்களிடம் கேட்பதில் தவறில்லை. எந்தச் சுவர், எத்தனை சதுர அடி, பெயிண்டருக்கு என்ன கூலி என்று எழுதிக் கேட்கட்டும், கொடுக்கிறோம்.

இங்கிலாந்துக்குப் படிக்கப் போன நம் பிள்ளைகளைக் கேட்டால் அங்குள்ள ஏற்பாட்டைச் சொல்வார்கள். 2007 ஏப்ரல் முதல் அங்கே மாணவர் தரும் முன்பணத்தை, அரசு அங்கீகரித்த காப்புத் திட்டம் ஒன்றில் வீட்டுக்காரர் பாதுகாத்தாக வேண்டும். இப்போது அதற்கு 30 நாள் கெடு. கழிப்பதில் தகராறு வந்தால், குடிவந்த நாள் அறிக்கையையும் காலி செய்த நாள் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவர் முடிவு சொல்வார். சேதத்தை நிரூபிக்க வேண்டியது வீட்டுக்காரர். முன்பணம், நிரூபிக்கும் வரை, குடியிருந்தவரின் பணம்.

அவ்வளவு பெரிய அமைப்பை நாளைக்கே நான் கேட்கவில்லை. வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய ஒரு படிவம் இருக்கிறது. வீட்டோடு தரப்படும் கட்டில், மின்விசிறி போன்றவற்றைக் குறிக்க அதில் இடமுண்டு. சுவரின் நிலையைக் குறிக்க இடமில்லை. ஒரே ஒரு பக்கம் சேர்த்துத் தாருங்கள்: ஒவ்வோர் அறைக்கும் நான்கு சுவர், ஏற்கெனவே உள்ள ஆணிகள், ஓதம், விரிசல், கடைசியாக வண்ணம் அடித்த ஆண்டு. பக்கத்திலேயே சாவி வாங்கிய நாளில் எடுத்த புகைப்படங்கள், இருவர் கையெழுத்து. வண்ணம் அடித்து ஐந்து வருடமான சுவருக்குப் புது வண்ணத்தின் முழு விலையையும் இரண்டு வருடம் இருந்தவரிடம் வாங்கக் கூடாது என்று ஒரு விளக்கச் சுற்றறிக்கை. படம் மாட்டிய சிறு துளைகளில் எத்தனை வரை இயல்பான தேய்மானம் என்பதற்கும் அதில் ஒரு வரி. இரண்டாம் அட்டவணை தமிழில், பெரிய எழுத்தில், ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில்.

அடுத்த சேர்க்கைக் காலத்துக்கு முன் இந்தப் பக்கம் படிவத்தில் சேர்ந்துவிட்டால், ஜூன் மாதம் சாவி வாங்க வரும் பிள்ளைகள் அதை நிரப்பிய பிறகே மூட்டையைப் பிரிப்பார்கள். எங்கள் விடுதிக் குழுக்களிலும் வகுப்பு வாட்ஸ்அப்பிலும் அதைக் கொண்டுசேர்க்கும் வேலையை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தரமணியில் வாடகைக்குக் குடியிருக்கும்
ஒரு முதுகலை மாணவி