கடலடியில் ஓர் இறைச்சி டப்பா!

டப்பாவில் அடைத்த இறைச்சிக்கும், கடலில் வளரும் பவளத்துக்கும் என்ன சம்பந்தம்?

டீக்கடை பெஞ்சில் யாராவது இப்படிக் கேட்டால், "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறானே!" என்று சிரிப்பார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. அது உத்திரமேரூர் ஏரிக் கால்வாய் வரைக்கும் வருகிறது!

பசிபிக் சமுத்திரத்தில் மரியானா பள்ளம் என்று ஒன்று இருக்கிறது. உலகத்திலேயே ஆழமான கடல் பள்ளம் அதுதான். 2016-ம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று அங்கே போனது. விளக்கும் காமிராவும் பொருத்திய கருவி ஒன்றைக் கடலுக்குள் இறக்கினார்கள். அதில் ஆள் கிடையாது. கப்பலில் இருந்தபடியே அதை ஓட்டினார்கள்.

யாரும் பார்த்திராத பிராணிகள் எல்லாம் காமிராவில் தெரிந்தன. 4,947 மீட்டர் ஆழத்தில் வேறொன்றும் தெரிந்தது.

"ஸ்பேம்" டப்பா!

ஸ்பேம் என்பது பன்றி இறைச்சியை அரைத்து, உப்புச் சேர்த்து, டப்பாவில் அடைத்து விற்கும் பண்டம். 1937-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் அதைத் தின்று தின்று அலுத்துப் போனார்கள். பசிபிக் தீவுகளில் இன்றைக்கும் அதற்கு மவுசு உண்டு. நம் ஊர் மளிகைக் கடையில் கேட்டால் முழிப்பார்கள்.

யாரோ தின்றார், டப்பாவைத் தூக்கிப் போட்டார். அது ஏறக்குறைய ஐந்து கிலோ மீட்டர் கீழே இறங்கி உட்கார்ந்து கொண்டது. ஐந்து கிலோ மீட்டர் என்றால், நாம் ஒரு மணி நேரம் நடக்கிற தூரம்!

கெடாத சாப்பாடு

இன்னொரு கதை. கதை அல்ல, நிஜம்.

1968-ம் ஆண்டு அக்டோபர் மாதம் "ஆல்வின்" என்ற சின்ன நீர்மூழ்கி, அட்லாண்டிக் சமுத்திரத்தில் மூழ்கியது. ஆட்கள் தப்பி விட்டார்கள். அவர்களுடைய மதியச் சாப்பாடு உள்ளேயே தங்கி விட்டது. இறைச்சி வைத்த ரொட்டியும் ஆப்பிளும்தான் அந்தச் சாப்பாடு.

சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் கிடந்த நீர்மூழ்கியை, பத்து மாதம் கழித்து 1969-ல் தூக்கினார்கள்.

ரொட்டி ஊறிப் போயிருந்தது. ஆனால், இறைச்சி கெடவில்லை!

மேலே கொண்டு வந்து குளிர்ப் பெட்டியில் வைத்தார்கள். சில வாரங்களில் கெட்டு விட்டது. கடல் செய்த வேலையைக் குளிர்ப் பெட்டியால் செய்ய முடியவில்லை.

விஞ்ஞானிகள் காரணம் தேடினார்கள். கடலடியில் கடும் குளிர். தண்ணீரின் அழுத்தமோ பயங்கரம். இரண்டும் சேர்ந்து, அழுக வைக்கும் கிருமிகளை மந்தமாக்கி விடுகின்றன. அங்கே எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும்.

நாலாயிரம் வயது

பவளம் வளர்வதும் அப்படித்தான்.

பவளம் என்பது கல் அல்ல, செடியும் அல்ல. சின்னஞ்சிறு பிராணிகள் கூட்டமாகச் சேர்ந்து கட்டும் வீடு. ராமேசுவரம், தூத்துக்குடி பக்கம் ஆழமில்லாத கடலில் இருக்கும் பவளத்துக்கு வெயில் கிடைக்கிறது. அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி, வெயிலை வைத்துச் சமைத்துப் போடுகிறது.

ஆழ்கடல் பவளத்துக்கு அந்தச் சமையல்காரன் இல்லை. வெளிச்சமே இல்லை. தண்ணீரில் மிதந்து வரும் துணுக்கும் தூசியும்தான் ஆகாரம். எப்படி வேகமாக வளரும்?

ஹவாய்த் தீவுக் கடலில், சில நூறு மீட்டர் ஆழத்தில் உயிரோடு இருந்த ஒரு கரும்பவளத்துக்கு வயது கணக்கிட்டார்கள். 2009-ல் முடிவு வெளிவந்தது.

வயது 4,265!

அதன் தண்டு, ஓர் ஆண்டில் ஒரு தலைமயிரின் கனம் கூடப் பருக்கவில்லை. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில் குடவோலைக் கல்வெட்டு வெட்டினார்களே, அப்போதே அதற்கு மூவாயிரம் வயதுக்கு மேல்!

இப்படிப்பட்டதை ஒரு வலையோ, இரும்புக் குண்டோ ஒரு நிமிஷத்தில் ஒடித்து விடும். மறுபடி வளர யார் காத்திருப்பது?

"பவளம் ஒட்டிக்கொள்ளக் கெட்டியான பொருள் வேண்டுமே! டப்பா போட்டால் வீடு ஆகாதா?" என்று ஒரு கெட்டிக்காரர் கேட்கலாம். வட கடலில் எண்ணெய்க் கிணற்று மேடைகளின் இரும்புத் தூண்களில் பவளம் வளர்ந்திருப்பது உண்மைதான். ஆனால், தூண் எங்கே, டப்பா எங்கே? நத்தை வேகத்தில் வளரும் பவளம் ஒரு குடும்பமாக வளர்வதற்குள், அந்த மெல்லிய தகடு அரித்துப் போகும்.

பிளாஸ்டிக் பை இன்னும் மோசம். வெயில் பட்டால் நொறுங்கும். அங்கே வெயில் ஏது? அதே மரியானா பள்ளத்தில், 10,898 மீட்டர் ஆழத்தில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையை ஜப்பானியர் 1998-ல் படம் பிடித்திருக்கிறார்கள்.

ஆறு பேர் போதும்

"உத்திரமேரூரில் கடல் இல்லையே!" என்பீர்கள்.

ஆறு இருக்கிறதே! செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேருகிறது. பாலாறு வயலூர் அருகே வங்கக் கடலில் விழுகிறது. கால்வாயில் வீசிய பை, ஐப்பசி மழையில் கிளம்பினால் பாதி வேலிமுள்ளில் மாட்டும். மீதி ஊர் தாண்டிப் போகும். வங்கக் கடலின் சராசரி ஆழம் சுமார் 2,600 மீட்டர். அங்கே இறங்கியதைத் திருப்பி எடுக்க ஆள் கிடையாது.

ஒரு தடவை மட்டும் உபயோகிக்கும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் தடை. ஆனாலும், கால்வாயை எட்டிப் பாருங்கள்!

என் யோசனை இது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் ஏரி வாரியம் இருந்தது. அதில் ஆறு பேர். குடவோலை போட்டு எடுத்தார்கள். பதவிக் காலம் 360 நாள். இன்றும் தெருவுக்கு ஆறு பேரை அப்படியே சீட்டுப் போட்டு எடுக்கலாம். புரட்டாசி முடிவதற்குள் கால்வாய்க் குப்பையை அள்ள வேண்டும். ஏரிக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் கம்பி வலை கட்ட வேண்டும். மழை நாளில் வலையைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். செலவுக் கணக்கைப் பலகையில் எழுதிப் போட வேண்டும்.

கணக்குக் காட்டாதவருக்கு என்ன செய்வது? அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரையும், அவன் உறவினர் பெயரையும் குடத்தில் போடக் கூடாது என்று வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்!